வெட்டி ஒட்டுவதும் டி.சி. கொடுப்பதும்



பழைய பள்ளிப் படங்களைக் கேட்டு ஒரு மாதமாகப் பல பேர் போன் செய்கிறீர்கள். "சார், எப்ப தருவீங்க?" என்று கேட்கிற எல்லாரிடமும் "இன்னும் நாலு நாள் பொறுப்பா" என்றே சொல்லி வருகிறேன். ஏன் இவ்வளவு தாமதம் என்பதை இன்று விவரமாக எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்கள் இதிலும் பாதியில் தூங்கிவிட வேண்டாம். முடிவில் உங்கள் எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது.

1983-ல் வேலையில் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெறும் வரை நான் இருந்த பள்ளிகளின் படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆண்டு விழா, பொங்கல் விழா, சுதந்திர தினம், ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களின் குரூப் போட்டோ. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். மொத்தம் 41 ஃபோல்டர், 1,386 படம். கம்ப்யூட்டருக்கும் என்னைப் போல வயதாகிவிட்டது. நடுவில் நின்று நின்று ஓடுகிறது. அது முழுதாக நிற்பதற்குள் படங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், உங்களுக்கும் கொடுக்க வேண்டும்.

உதவிக்கு மூன்று பேர் வந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், பழைய மேக் ஒன்றோடு வந்தான். சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற அச்சகத்தில் டிசைன் வேலை செய்யும் மாணவர் ஒருவர். அவருக்கு மேக், விண்டோஸ் இரண்டும் கை வந்த கலை. மூன்றாவது, பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை இன்னும் விடாமல் வைத்திருக்கும் மாணவி. பேட்டரி போய், சார்ஜர் சொருகினால்தான் ஓடும். ஆனால் அதில் லினக்ஸ் நன்றாகவே ஓடுகிறது.

மூவரும் செய்ய வந்தது ஒரே வேலை. ஒரு ஃபைலை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பது. ஆனால் கல்யாண வீட்டில் மூன்று ஊர் சம்பந்தி கூடினால் தாம்பூலத் தட்டு எடுப்பதிலேயே மூன்று வழக்கம் இருக்குமே, அப்படி ஆகிவிட்டது.

முதலில் கட், பேஸ்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, பசை தடவி ஒட்டித்தான் அடுக்கினார்கள். சிவகாசி அச்சகங்களில் அந்த வேலை பார்த்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர் என்பவரும் அவருடைய சக ஊழியரும் அதையே திரைக்குள் கொண்டுவந்தார்கள். டெஸ்லர் 2020-ல் காலமானார். நாம் தினமும் அழுத்தும் கட், காப்பி, பேஸ்ட் அவர்கள் வழியாக வந்தவை.

எழுத்தைக் கட் செய்தால் அது உடனே மறைந்துவிடும். ஃபைலைக் கட் செய்தால் அப்படி இல்லை. விண்டோஸில் கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தியதும் ஃபைல் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். பேஸ்ட் செய்யும் வரை இருந்த இடத்திலேயே இருக்கும். கட் செய்துவிட்டு மறந்து போனாலும் ஒன்றும் ஆகாது. லினக்ஸிலும் பெரும்பாலும் இதே வழக்கம்தான்.

மேக்கில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து கட் செய்யப் போனால் அந்தக் கட்டளையே அழுத்த முடியாமல் மங்கிக் கிடக்கும். "மாமா, இங்க கட் கிடையாது. முதல்ல காப்பி, அப்புறம் நகர்த்து" என்றான் தங்கை மகன். கமாண்ட் சி அழுத்திக் காப்பி. போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஆப்ஷனையும் கமாண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வி. அப்போதுதான் நகரும். ஆப்ஷனை விட்டுவிட்டால் வெறும் நகல். 2011-க்குப் பிறகு வந்த மேக்குகளில் இந்த வசதி உண்டு. எடுக்கும்போது எதையும் தீர்மானிக்காமல், வைக்கும் இடத்தில் நின்று தீர்மானிக்கிற பழக்கம் இது. எனக்கு அது பிடித்திருந்தது.

மவுஸால் இழுப்பதில் மூன்று பேருக்கும் ஒற்றுமை உண்டு. ஒரே டிஸ்க்குக்குள் இழுத்தால் ஃபைல் நகரும். வேறு டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ இழுத்தால் நகல்தான் போகும், அசல் இங்கேயே இருக்கும். "நேத்து இழுத்தப்ப மறைஞ்சது, இன்னைக்கு இழுத்தா ரெண்டு இடத்துலயும் இருக்கே" என்று குழம்புகிறவர்கள் இதைக் கவனித்தால் போதும். விண்டோஸில் ஷிஃப்டைப் பிடித்து இழுத்தால் நகரும், கண்ட்ரோலைப் பிடித்தால் நகல். மேக்கில் கமாண்டைப் பிடித்தால் நகரும், ஆப்ஷனைப் பிடித்தால் நகல்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரே பள்ளியில் 'அ' பிரிவிலிருந்து 'ஆ' பிரிவுக்குப் பிள்ளையை மாற்றுகிறோம் என்று வையுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயரை இங்கே அடித்து அங்கே எழுதினால் முடிந்தது. ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்துவது அதுதான். படத்தின் ஒரு புள்ளிகூட இடம் மாறுவதில்லை, பெயர் இருக்கும் பதிவு மட்டும் மாறுகிறது. அதனால்தான் ஆயிரம் படம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. வேறு டிஸ்க்குக்குப் போவது வேறு பள்ளிக்குப் போவது மாதிரி. அங்கே புதிதாகச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு இங்கே பெயரை நீக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனாலோ, பென் டிரைவைப் பிடுங்கினாலோ பாதிப் பிள்ளைகள் இங்கே, பாதிப் பிள்ளைகள் அங்கே என்று ஆகிவிடும்.

டி.சி. என்றதும் எனக்கு என் முதல் தலைமையாசிரியர் நினைவு வருகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு மே மாதம் டி.சி. எழுதுவோம். அவர் டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டைகளை ஜூலை வரை மேசை மேலேயே வைத்திருப்பார். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கு சைக்கிளில் என்னை அனுப்புவார். அங்கே சேர்ந்த பிள்ளையின் சேர்க்கை எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். வந்ததும் அதை அடிக்கட்டையில் சிவப்பு மையில் எழுதுவார். சிவப்பு மை இல்லாத அடிக்கட்டைகள்தான் எங்கள் வேலை. சாயங்காலம் அந்த வீடுகளுக்குப் போவோம்.

அந்தக் காலம் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலை இருட்டில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் பல வருஷம் ஹாரன் சத்தம் கேட்கத்தான் செய்தது. எங்கள் பதிவேட்டில் அந்தப் பிள்ளை 'டி.சி. பெற்றுச் சென்றார்'. அடுத்த பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பெயரே இருக்காது. இரண்டு பள்ளியின் கணக்கும் காகிதத்தில் சரியாக இருக்கும். பிள்ளை மட்டும் இரண்டிலும் இருக்காது.

இப்போது எமிஸ் வந்துவிட்டது. ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டி.சி. கொடுத்த பிள்ளை காமன் பூலுக்குப் போகும், புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் கிளிப்போர்டு என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். காமன் பூலில் ஒரு பெயர் ரொம்ப நாள் கிடந்தால், யாரோ ஒருவர் சைக்கிளை எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

சரி, படத்துக்கு வருவோம். இடம் மாற்றும்போது நாங்கள் பார்த்த சிக்கல்களைச் சொல்கிறேன்.

மடிக்கணினி மாணவி சொன்னது முதலில். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுத்த இயந்திரங்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அவள் ஒரு நாள் லினக்ஸ் பக்கத்தில் பாடக் குறிப்புகளைச் சேமித்துவிட்டு, மறுநாள் விண்டோஸில் திறந்து தேடியிருக்கிறாள். காணோம். "எல்லாம் போச்சுன்னு ராத்திரி பூரா அழுதேன் சார்" என்றாள். எதுவும் போகவில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் அறையை எட்டிப் பார்க்கலாம். விண்டோஸிலிருந்து பார்த்தால் லினக்ஸ் அறைக்குக் கதவே தெரியாது. ஒரே வீடு, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு.

அடுத்து பென் டிரைவ். ஆண்டு விழா வீடியோ ஒன்று 5 ஜிபி. பென் டிரைவில் 20 ஜிபி இடம் இருந்தும் ஏற மறுத்தது. பழைய ஃபேட் 32 முறையில் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. என்டிஎஃப்எஸ் முறையில் இருந்த என் ஹார்ட் டிஸ்க்கை மேக் படித்தது, ஆனால் அதில் எதையும் எழுதவில்லை. எக்ஸ்ஃபேட் என்ற முறையில் பார்மட் செய்ததும் புதிய விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் படிக்கவும் எழுதவும் முடிந்தது. பார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், ஆகவே காலியான பென் டிரைவில் மட்டும் செய்யுங்கள்.

பெயரிலும் வம்பு உண்டு. லினக்ஸில் 'வகுப்பு 5: 1994' என்று முக்காற்புள்ளி வைத்துப் பெயர் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் அந்த முக்காற்புள்ளியையும் கேள்விக்குறியையும் பெயரில் அனுமதிக்காது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு பெயர், சிறிய எழுத்தில் அதே பெயர் என்றால் லினக்ஸுக்கு அவை இரண்டு பிள்ளைகள். விண்டோஸுக்கு ஒரே பிள்ளை, ஒன்றின் மேல் ஒன்றை வைக்கட்டுமா என்று கேட்கும்.

அச்சக மாணவர் சொன்ன எச்சரிக்கை முக்கியமானது. ஒரு ஃபோல்டரை அதே பெயருள்ள ஃபோல்டர் இருக்கும் இடத்தில் வைத்தால், விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும். மேக்கில் 'ரீப்ளேஸ்' என்று கேட்கும்போது சரி என்று அழுத்தினால், பழைய ஃபோல்டர் உள்ளே இருப்பதோடு சேர்ந்து போய்விடும், புதியது மட்டும் நிற்கும். சில சமயம் 'மெர்ஜ்' என்றும் கேட்கும். கேட்காத சமயத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

படங்களோடு பெயர்ப் பட்டியலும் உண்டு. முதல் வரிசை இடமிருந்து வலம் யார் யார் என்று அந்தக் காலத்தில் டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தது. ஃபைல் மேக்குக்கு ஒழுங்காகப் போனது, எழுத்து போகவில்லை. 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலம் நின்றது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ் வேஷம் போடும். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்றது இந்தத் தொல்லைக்காகத்தான். பட்டியல் முழுவதையும் யூனிக்கோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம். ஒரு மாதம் ஆனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 'பொங்கல் விழா 1993' ஃபோல்டர்.

அந்த ஃபோல்டரின் நகலைத் தங்கை மகன் பெங்களூருக்கு எடுத்துப் போய், மங்கிய படங்களைத் தெளிவாக்கினான். என் தங்கை வீட்டு ஆல்பத்தில் அதே விழாவின் படங்கள் சில இருந்தன. அவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்தான். இணையத்தில் ஏற்றி அனுப்பினான். இங்கே இறக்கிப் பழைய இடத்தில் வைத்தோம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. 'பொங்கல் விழா 1993' என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எழுத்து, இடைவெளி, எண் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. உதவிக்கு வந்திருந்த ஒரு பையன், "டபுளா இருக்கு சார், ஒண்ணைத் தூக்கிரட்டா?" என்று டெலீட் மேல் விரலை வைத்துவிட்டான். "இரு தம்பி, முதல்ல ரெண்டுலயும் அட்டெண்டன்ஸ் எடு" என்றேன். ஒன்றில் 38 படம், மற்றதில் 41.

ஏன் இரண்டு நின்றது என்று அச்சக மாணவர்தான் தேடிக் கண்டுபிடித்தார். காரணம் 'பொ'. ஒன்றாம் வகுப்பில் உங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தேன்? முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் ப, பின்னால் கால். யூனிக்கோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விண்டோஸில் நாம் அடிக்கும்போது பொதுவாக ஒரே குறியாக நிற்கும். பழைய மேக்குகளின் டிஸ்க் முறை ஃபைல் பெயரை வாங்கியதும் கொம்பையும் காலையும் பிரித்து வைத்துக்கொள்ளும். 2017-ல் வந்த புது முறை அப்படிப் பிரிப்பதில்லை. தங்கை மகனுடையது பழைய மேக். அங்கே போன பொங்கல் பிரிந்து திரும்பி வந்தது. விண்டோஸ் எண்ணைப் பார்த்து இரண்டும் வேறு என்றது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. 'ஆண்டு விழா' தப்பித்தது, 'பொங்கல்' மாட்டிக்கொண்டது.

கூடுதலாக இருந்த அந்த மூன்று படங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறியடி நடக்கிறது, கூட்டத்தின் முன்னால் சட்டை பொத்தான் போடாமல் ஒரு பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். நான்காம் வகுப்பு. அவன் பெயரை இங்கே எழுதவில்லை, அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஐந்து முடித்ததும் டி.சி. வாங்கினான். அவன் அடிக்கட்டையில் சிவப்பு மை ஏறவே இல்லை. வீட்டுக்கு நாலு தடவை போய்ப் பார்த்தும் பலன் இல்லை. வாலிப வயதில் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் போய்விட்டான். அவன் அக்காவும் என் மாணவிதான். இரண்டு வருஷத்துக்கு முன் சந்தையில் பார்த்தபோது, "தம்பி சின்னப் பிள்ளையா இருந்த படம் ஒண்ணுகூட வீட்ல இல்ல சார். அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு" என்றாள். என்னிடம் இருந்த 38-ல் அவன் இல்லை. 41-ல்தான் இருந்தான்.

படத்தைச் சிவகாசியில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மகள் படத்தை முகத்துக்கு அருகில் பிடித்தாள். "பொத்தான் போடவே மாட்டான்" என்று மட்டும் சொன்னது அந்த அம்மா.

இனி உங்களுக்கு வேண்டிய நடைமுறை. மூன்று வகைக் கம்ப்யூட்டருக்கும் பொதுவானது.

1. வேறு டிஸ்க்குக்குப் போகும்போது கட் வேண்டாம். காப்பி செய்யுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, நாலு படத்தையாவது திறந்து பார்த்து, அதன் பிறகு வேண்டுமானால் இங்கே அழியுங்கள்.

2. அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்டோஸில் 4 ஜிபி என்று காட்டுவதை மேக் சுமார் 4.29 ஜிபி என்று காட்டும். விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது, மேக் 1,000-ஆல் வகுக்கிறது. கணக்குதான் வேறு, படம் ஒன்றுதான். எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

3. மேக் பார்த்த பென் டிரைவில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு சில சின்ன ஃபைல்கள் கிடக்கும். அவை மேக் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகள். வைரஸ் இல்லை. எண்ணும்போது அவற்றைக் கழித்துவிடுங்கள்.

4. பென் டிரைவை 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள். முக்கியமாக லினக்ஸில், எல்லாம் ஏறிவிட்டது என்று திரை சொன்ன பிறகும் உள்ளே எழுதுவது நடந்துகொண்டிருக்கலாம்.

5. பென் டிரைவில் இருப்பதை விண்டோஸில் அழித்தால் பொதுவாகக் குப்பைத் தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும். மேக்கில் அழித்தால் தொட்டியைக் காலி செய்யும் வரை பென் டிரைவில் இடம் அடைத்துக்கொண்டிருக்கும்.

6. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எண்ணிப் பார்க்காமல் எதையும் தூக்க வேண்டாம்.

இப்போது வீட்டுப்பாடம். 41 ஃபோல்டரும் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், எக்ஸ்ஃபேட் பென் டிரைவோடு. தூரத்தில் இருப்பவர்களுக்குத் தங்கை மகன் இணையத்தில் அனுப்புவான். வரும்போது உங்கள் வீட்டுப் பரணில், பீரோவில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய பள்ளிப் படங்களை எடுத்து வாருங்கள். பத்து நிமிஷத்தில் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு நகல் போதும், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

படத்தில் இருக்கிற யாரைப் பற்றியாவது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். பெயர்ப் பட்டியலில் சிவப்பு மை ஏறாத பெயர்கள் இன்னும் இருபத்து மூன்று இருக்கின்றன.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்